மதில் மேல் முகம் கிடையாது

படியின் கடைசிக் கல்லை ஏறி முடித்ததும் பின்னால் கம்பிக்கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. எங்கள் நகரத்தில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். மதிலில் ஏறியவன் திரும்பக் கூடாது.

"இனிமே இறங்குபடி வர்ற வரைக்கும் நேராப் பார்த்துதான் நடக்கணும்," என்று எனக்குப் பின்னாலிருந்து மதில் தலைவர் சொன்னார். "தும்மல் வந்தா நேராத் தும்முங்க. யாராவது கூப்பிட்டா நேராப் பார்த்துக்கிட்டே பதில் சொல்லுங்க. முகம் தோளைத் தாண்டக் கூடாது."

"தாண்டினா?" என்று எனக்கு முன்னால் நின்ற என் உதவியாளர் கேட்டார். ஊரில் அவருக்குத் தண்டோரா என்றே பெயர்.

"மேலே பாருங்க."

பார்த்தோம். மதிலின் வளைவு தோறும் ஒரு சிறு மேடை. மேடை மேல் கல்லால் ஆன ஒரு வில்லாளி. நாண் காது வரை இழுபட்டிருந்தது. அம்பின் நுனி நேராக நாங்கள் நடக்க வேண்டிய வழியைக் குறி வைத்திருந்தது. அவற்றைச் செய்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. சுற்றுவழியில் எல்லோரும் ஒரே திசையில் நடக்க வேண்டும். எதிர்த் திசையில் ஒரு முகம் தெரிந்தால் கல் எய்துவிடும். வெளியே முற்றுகை போட்டிருப்பவர்கள் இத்தனை மாதமாகியும் ஏணி சாத்தாததற்கு அதுதான் காரணம். ஏறிவிடலாம். ஆனால் சண்டை போடுகிறவன் திரும்பாமல் இருக்க முடியாது.

"நல்லா குறி வச்சிருக்கான்," என்றார் தண்டோரா. "தம்பி, நீ என் பின்னாலயே வா. என் தலை பெருசு. உனக்கு உதவும்."

சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்பது அவர் தோள்களைப் பார்த்தால் தெரிந்தது.

சுற்றுவழி ஒருவர் மட்டும் நடக்கும் அகலம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கைப்பிடிச் சுவர். மேலே ஒரு கீற்று வானம். முந்திப் போக முடியாது, ஒதுங்கி நிற்க இடமில்லை. ஏறுபடியும் இறங்குபடியும் பக்கத்துப் பக்கத்தில்தான், நடுவில் ஒரே ஒரு சுவர். ஆனால் இங்கே ஏறியவன் அங்கே இறங்க வேண்டுமானால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

நாங்கள் சுற்றி முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தோம். சூரியன் மேற்கு மதிலைத் தொடும்போது வெளிவாசல் திறக்கும். ஒரு தோல்பை தண்ணீரோடு ஒரு மனிதனை வெளியே தள்ளிவிட்டு மறுபடி மூடும். அந்த மனிதன் மதில் காவலாளி. தண்டோராவின் தங்கை புருஷன்.

*

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும்.

ஊருக்குள் கால்வாய் நுழையும் இடத்தில் நீர்க்கதவு இருக்கிறது. அதன் தாழ்ப்பாள் ஊமைக் கோபுரத்தின் அடியில். அந்தக் கோபுரத்துக்கு மதில் மேலிருந்துதான் வழி. முந்தாநாள் மூடுபனி விலகியபோது தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. கால்வாயில் துணி அலசப் போன ஒருத்தி பார்த்துக் கத்தியதால் ஊர் தப்பியது.

பனி நேரத்தில் மதிலில் இருந்தவர்கள் மூன்று பேர். மதில் தலைவர், தண்டோராவின் மாப்பிள்ளையான அந்தக் காவலாளி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு காவல்காரி.

விசாரணை சபை மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊரை உண்டாக்கியவர்கள் இரண்டே விதிகளை எழுதி வைத்தார்கள். ஆளுகிறவர்கள் முகத்துக்கு முகம் உட்கார வேண்டும். காக்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நடக்க வேண்டும். அதனால் சபையில் ஏழு பேரும் வட்டமாக ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரிடமும் கண்ணைக் காட்டித் தப்ப முடியாது என்று ஏற்பாடு. அவர்களில் யாரும் மதிலில் ஏறியதில்லை. ஏறக் கூடாது என்பதும் விதி.

மதில் தலைவர் சாட்சி சொன்னார். "நான் முன்னாடியே மேல போயிட்டேன். பனியில இவன் போறதைப் பார்த்தேன். சட்டையில நெஞ்சுப் பக்கம் குழந்தை கக்கின கறை, இலை மாதிரி. அதைத் துடைக்கக்கூட இல்ல. நேரா ஊமைக் கோபுரத்துக்குள்ள நுழைஞ்சான்."

சபைத் தலைவி மாப்பிள்ளையின் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். "கறை இருந்தது உண்மையா?"

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமாம்மா. கிளம்புறப்பதான் கக்கிருச்சு. துடைங்கன்னேன். நேரமாயிருச்சுன்னு அப்படியே ஏறிட்டாரு."

அவ்வளவுதான். கறை உண்மை என்றால் பார்த்தது உண்மை. பார்த்தது உண்மை என்றால் நுழைந்ததும் உண்மை. ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். தன் வாயாலேயே புருஷனை அனுப்பிவிட்டோம் என்பது அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

நான் எழுந்து, தீர்ப்பை நிறைவேற்றுவதற்குள் ஒருமுறை மதிலைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நான் விசாரணைக்காரன் ஆனதே தற்செயல்தான். பழைய விசாரணைக்காரர் முற்றுகைக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட, சபை ஆள் தேடியது. மாலை வகுப்பில் சட்டம் படித்தவர்களில் அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான். உதவிக்கு யாரும் கிடைக்காமல் தண்டோராவைக் கொடுத்தார்கள். அவர் ஊருக்கு அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர். "வரி உயர்வைச் சபை வருத்தத்துடன் அறிவிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "வருத்தம் உங்களுக்கு, வரி அவங்களுக்கு" என்றும் சேர்த்துச் சொன்னதால் வேலை போனது.

அனுமதி கிடைத்தது. துணைக்கு நானே வருகிறேன் என்று மதில் தலைவர் முன்வந்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

*

கொஞ்ச தூரம் நடந்ததும் முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. நெட்டை. கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை தெரியும் ஒரே காவலாளி ஊரிலேயே அவள்தான்.

"நெட்டைக்கா," என்று தண்டோரா குரல் கொடுத்தார். "நான்தான். என் முதுகுக்குப் பின்னால விசாரணைக்காரத் தம்பி. அவன் முதுகுக்குப் பின்னால உங்க தலைவர். ஊர்வலமா வர்றோம்."

"கேட்குது," என்றாள் அவள், நடையை நிறுத்தாமல், திரும்பாமல்.

"ஒரு கேள்வி கேட்கலாமா? முதுகோட பேசி எனக்குப் பழக்கம்தான். என் பெண்டாட்டிக்குக் கோபம் வந்தா வாரம் முழுக்க இதே காட்சிதான்."

"கேளுங்க."

நான் கேட்டேன். "பனி விழுந்த அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி போனது யார்?"

"பனியில ஒண்ணும் தெரியல. சபையிலயும் அதைத்தான் சொன்னேன்."

"வழக்கமா?"

"வழக்கமா அவர்தான், இவரோட மாப்பிள்ளை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். குழந்தை பிறந்ததுலேருந்து இன்னும் இறங்கிருச்சு. தூக்கி வச்சுக்கிட்டே இருப்பாரு போல." கொஞ்சம் நிறுத்தி, "முகம் எப்படியிருக்கும்னு சபையிலதான் முதல்ல பார்த்தேன். மீசை வச்சிருக்காருன்னே எனக்குத் தெரியாது," என்றாள்.

"ரெண்டு வருஷமா ஒண்ணா காவல் நிக்கிறீங்க," என்றார் தண்டோரா.

"நிக்கல. நடக்கிறோம்."

பின்னால் மதில் தலைவர் மெதுவாகச் சிரித்தார். அவர் ஈட்டியின் அடிக்கட்டை ஒவ்வொரு அடிக்கும் கல்லில் தட்டியது. பின்னால் ஒருவர் வருகிறார், அவர் என்ன முகத்தோடு வருகிறார் என்று பார்க்க வழியில்லை என்பது எனக்கு என்னவோ செய்தது. பிடரியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவதாகக்கூடத் தோன்றியது. அளந்து பார்த்தேன், முழங்கை இரண்டு பக்கமும் இடித்தது, முதலில் இடித்த அதே அளவுதான்.

ஊமைக் கோபுரம் வந்தது. குறுகிய கதவு, உள்ளே இருட்டு, கீழே இறங்கும் படி. கதவுக்குப் பக்கத்தில், வருகிறவர்களைப் பார்த்தாற்போல ஒரு சின்னத் துளை. விரல் மட்டும் நுழையும். எட்டிப் பார்த்தேன். குருவி கூடு கட்டி அடைத்திருந்தது. ஒன்றும் புரியாமல் மேலே நடந்தேன். மேற்கே வானம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

"தம்பி, ஏதாவது கண்டுபிடிச்சியா?" தண்டோராவின் குரல் இறங்கியிருந்தது.

"இன்னும் இல்லண்ணே."

"என் தங்கச்சி வாசல்லயே நிக்கிறா. பார்த்துக்கிட்டே இரு, அண்ணன் வந்து சொல்லுவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன சொல்றதுன்னு இப்ப யோசிக்கிறேன்." பிறகு, தன் சோகத்தைத் தானே தாங்க முடியாதவர்போல, "அழுது அழுது சட்டையைப் பிடிச்சு இழுத்ததுல ரெண்டு பித்தான் போச்சு. பார்த்தியா, தொப்பை தெரியுது," என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க முதுகுதானே எனக்கு..."

நான் நின்றுவிட்டேன்.

ஒரு அடி எடுத்து வைத்தேன், மறுபடி நின்றேன். சரிபார்த்தேன். குழந்தை கக்கியது வீட்டில். காவலர் வீடுகளின் வாசலைத் தாண்டினால் ஏறுபடி. மாப்பிள்ளை ஏறும்போது மதில் தலைவர் ஏற்கெனவே மேலே. இறங்கியதும் படியடித் தொட்டியில் சட்டையைக் கழுவிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். ஈரச் சட்டையோடு அவர் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அப்படியானால் அந்தக் கறை மதிலில் மட்டும்தான் இருந்தது. நெஞ்சில் இருந்தது.

மதிலில் யாருக்கும் நெஞ்சு கிடையாது. முதுகு மட்டும்தான்.

சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுவதும் எதிரே நெஞ்சைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எனக்கும்தான் படவில்லை. ஒருவனை எதிரே பார்க்க வேண்டுமானால் அவனுக்கு முன்னால், அவனைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். நின்றால் கல் எய்யும். எய்யாத இடம் ஒன்றே ஒன்று. கோபுரத்துக்குள், அந்தத் துளைக்குப் பின்னால்.

அங்கே மறைந்திருந்தவர்தான் தாழ்ப்பாளைத் திறந்தவர்.

"என்ன தம்பி, நின்னுட்ட?" என்றார் தண்டோரா.

"ஒண்ணுமில்லண்ணே. நடங்க. கொஞ்சம் வேகமா."

பின்னால் ஈட்டிக் கட்டையின் தட்டல் நின்றிருந்தது.

"விசாரணைக்காரரே," என்றது மதில் தலைவரின் குரல். மிகப் பக்கத்தில். "பித்தான் கதையை முடிக்கவே இல்லையே."

"சாதாரணப் பேச்சுதான் தலைவரே."

"சாதாரணப் பேச்சுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கூர்மையாக ஒன்று தொட்டது. ஈட்டியைத் திருப்பிப் பிடித்திருந்தார். எனக்கு முன்னால் தண்டோரா, இரண்டு பக்கமும் சுவர், மேலே கல். போக இடமே இல்லை.

"நெஞ்சுன்னு என் வாயில வந்திருக்கக் கூடாது," என்றார் அவர், தனக்குத்தானே பேசுவதுபோல. "சபையில சொல்லி முடிச்ச உடனேயே தெரிஞ்சுது. யாரும் பிடிக்கல. நீங்களும் பிடிக்க மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்."

"எங்களைக் குத்தினா எப்படிச் சமாளிப்பீங்க?" என்றேன்.

"புதுசா ஏறினவங்க. பயத்துல திரும்பிட்டாங்க. கல் எய்ததுன்னா எந்தச் சபையும் மேல கேட்காது."

அப்போது தண்டோரா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஊரே கேட்டு வளர்ந்த அந்தக் குரல் எழும்பியது.

"இதனால் மதில்மேல் உள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மதில் தலைவர் எங்க தம்பி முதுகுல ஈட்டியை வச்சிருக்கார். நீர்க்கதவைத் திறந்ததும் அவர்தான். அடுத்தது என் முதுகு. இஷ்டமுள்ளவர்கள் ஏதாவது..."

ஈட்டி அழுந்தியது. நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. தண்டோராவின் அறிவிப்பு பாதியில் நின்றது. சூடாக ஏதோ முதுகில் வழிந்தது.

முன்னால், வளைவுக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த நெட்டையின் காலடி நின்றது.

பிறகு அது எங்களை நோக்கி ஓடி வந்தது.

வளைவில் ஒரு முகம் தோன்றியது. எதிரே. நீண்ட முகம், நெற்றியில் வியர்வை, கண்கள் மேலே இருந்த கல்லைப் பார்த்தபடி. அந்த மதிலில் நான் பார்த்த முதல் முகம் அது. அவள் சாகத் தயாராகி வருகிறாள் என்பது தெரிந்தது. அம்பு விழும் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. தண்டோரா கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்று பிறகு சொன்னார்.

"குனிங்க," என்றாள் நெட்டை.

குனிந்தோம். அவளுடைய ஈட்டி எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் போய்ப் பின்னால் நின்றவரின் தொண்டைக்குழியில் நின்றது.

யாரும் அசையவில்லை. எந்த அம்பும் வரவில்லை. மேலே கல் வில்லாளியின் காதோரம் ஒரு காகம் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"இப்ப உனக்கும் தெரிஞ்சு போச்சா," என்றார் மதில் தலைவர். அவர் ஈட்டி கீழே விழுந்தது.

நான் திரும்பினேன். கழுத்து ஒத்துழைக்கவில்லை, உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடிந்தது. தலைவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். பகைவன் முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பல நாள் தூங்காத ஒரு தகப்பன் முகமாக இருந்தது.

"கோபுரத்துத் துளை வழியாப் பார்த்தீங்கன்னு நினைச்சேன்," என்றேன்.

"அதுல குருவிக் கூடு இருக்கு. பார்க்கலியா? நான் வழியிலயே நின்னு திரும்பிப் பார்த்தேன். அவன் எவ்வளவு பக்கத்துல வர்றான்னு தெரியணும்ல. பார்த்துட்டு உள்ள ஒதுங்கினேன். அவன் தாண்டிப் போனான்."

கூட்டை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு மறந்திருந்தேன். என் கணக்கு முழுக்கத் தப்பு. ஆள் மட்டும் சரி.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" நெட்டை கேட்டாள்.

"போன மழைக்காலம். கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். முகம் எதிர்த் திசையில. செத்தேன்னு கிடந்தேன். மழைதான் விழுந்துச்சு." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அன்னையிலேருந்து ஒவ்வொரு ராத்திரியும் இதே நினைப்பு. இங்க காவலே இல்ல. வெறும் கல்லு. வெளியில இருக்கிறவனுக்கு என்னைக்கு இது தெரியுதோ அன்னைக்கு ஏணியோட வருவான். அதுக்குள்ள என் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழி பண்ணணும். கதவைத் திறந்துவிட்டா அவங்களைத் தொட மாட்டோம்னு வெளியில இருக்கிறவங்க சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்க."

"கல்லைப் பத்தி அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல. சொன்னா கதவுக்கே அவசியமில்லையே."

தண்டோரா மெல்ல எழுந்து நின்றார். "நல்லதாப் போச்சு. கீழ போய் உள்ளதைச் சொல்வோம். இந்தாளு திரும்பினாரு, பார்த்தாரு, திறந்தாரு. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துடுவான்."

"சொல்லுங்க," என்றார் தலைவர். "வாசல்ல ஊரே நிக்குது. உங்க ஆள் பிழைப்பான். விடியறதுக்குள்ள விஷயம் சுவரைத் தாண்டிடும்."

தண்டோரா என் பக்கம் திரும்பினார். அவர் என்னைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் சட்டையில் பித்தான் இல்லாத இடம் எனக்குத் தெரிந்தது.

"தம்பி. அவன் என் தங்கச்சி புருஷன்."

"தெரியும்ணே."

சொன்னால் ஊர் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவார். நான் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். எப்படி யோசித்தாலும் ஒரு பக்கம் சுவர். சரியான விடை தெரிந்ததால்தான் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது. அப்புறம்தான் என்னிடம் தப்பான விடை ஒன்றும் இருப்பது நினைவுக்கு வந்தது.

"கோபுரத்துத் துளையையே சொல்லுவோம்," என்றேன். "நான் தப்பாக் கண்டுபிடிச்சது அப்படியே இருக்கட்டும். கேட்கிறவங்களுக்கு அது சரியாத்தான் இருக்கும்."

"இவர் மறுத்தா?" என்றாள் நெட்டை.

"மறுக்கணும்னா, நான் திரும்பித்தான் பார்த்தேன்னு சொல்லணும். அதைக் கேட்க வாசல்ல இவர் பொண்ணுங்களும் நிப்பாங்க. ஊர் போனா அவங்களுக்கும் வழியில்ல."

மதில் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் திரும்புங்க," என்றேன், தலைவரின் ஈட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. "நேராப் பார்த்தே நடப்போம். இறங்குபடியில ஆள் நிப்பாங்க."

அம்பு வராது என்று தெரிந்தபின் அந்த வழியில் நேராகப் பார்த்து நடப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

*

வெளிவாசலில் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தோல்பையைத் தோளில் மாட்டி நின்றிருந்தார், இடது தோள் இறங்கியபடி. சபையின் ஏழு பேரும் தெருவிலும் வட்டமாகத்தான் நின்றார்கள்.

நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். வீடு, மதில், தொட்டி. கறை நெஞ்சில். மதிலில் நெஞ்சு தெரியும் ஒரே இடம் கோபுரத்துத் துளை.

சபைத் தலைவி உடனே நம்பிவிடவில்லை. நெட்டையிடம் திரும்பினார். "நீ தினம் நடக்கிறவ. அந்தத் துளை வழியாப் பார்த்தா வர்ற ஆளு தெரியுமா?"

நெட்டை உயரமானவள். எல்லாருடைய கண்ணும் அண்ணாந்து அவளையே பார்த்தது.

"நல்லாத் தெரியும்மா," என்றாள்.

"நீ என்ன சொல்ற?" என்று தலைவி மதில் தலைவரைக் கேட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவளுக்கு அப்பாவின் தாடை. அவர் அவர்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தண்டோராவின் கை என் முழங்கையை இறுக்கியது.

"கோபுரத்துக்குள்ளதான் இருந்தேன்," என்றார்.

"பையை இவனுக்கு மாட்டுங்க," என்றார் தலைவி.

"வேண்டாம்மா," என்று அவசரமாகக் குறுக்கிட்டேன். "வெளிய அனுப்பினா தெரிஞ்சதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லிடுவார். உள்ளயே பூட்டி வைங்க."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவ்வளவு நாளா அனுப்பிக்கிட்டேதானே இருந்தோம்," என்றார் ஒருவர். குறுக்குச் சட்டத்தை மறுபடி மாட்டினார்கள்.

தண்டோராவின் தங்கை ஓடி வந்து புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, பிடித்த கையை விடவும் இல்லை. குழந்தை நடுவில் நசுங்கிக் கத்தியது.

என் முதுகில் யாரோ மருந்து வைத்துக் கட்டினார்கள். மதிலில் காலியான இடத்துக்கு நெட்டைதான் இனித் தலைவி என்று அங்கேயே அறிவித்தார்கள். அவள் தலையாட்டினாள். விடியற்காலை முறைக்கு மாப்பிள்ளையே வர வேண்டும், வேறு ஆள் இல்லை என்றாள்.

"வர்றேன்க்கா," என்றார் அவர் உற்சாகமாக. மனைவியையும் குழந்தையையும் விடாமலே தண்டோராவின் பக்கம் திரும்பினார். "மச்சான், எனக்காக முழுச் சுத்தும் சுத்தினீங்களாமே. முதல் தடவை ஏறினா எல்லாருக்கும் கழுத்து தானாத் திரும்பப் பார்க்கும். எப்படி அடக்கிக்கிட்டீங்க?"

தண்டோரா வாயைத் திறந்தார். அவர் நாக்கில் எதுவும் நிற்காது என்று ஊருக்கே தெரியும். நெட்டை அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பயமா இருந்துச்சு மாப்ளே," என்றார் அவர். "ரொம்பப் பயமா இருந்துச்சு. நீயும் பயந்துக்கிட்டே நட."